பட்டாம்பூச்சி வளர்ச்சியைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கையால் செய்துகாட்ட: எந்தப் புழு, எந்த விளையாட்டு?

நாங்குநேரி டீச்சர்:

அங்கன்வாடியில் 3 முதல் 6 வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று நாலு படத்தை வட்டமாக ஒட்டி அம்புக்குறி போட்டால் ராகம் போட்டு ஒப்பித்துவிடுகிறார்கள். "புழு எங்கே போச்சு?" என்று கேட்டால் "பட்டாம்பூச்சி தின்னுட்டு" என்கிறார்கள். படத்தை விட்டுவிட்டு உயிருள்ள புழுவையும் கை விளையாட்டையும் சேர்த்து ஒரு மாதத்துக்குத் திட்டம் போட வேண்டும்.

எங்களுடையது மானாவாரி ஊர். வளவுக்குள் ஒரு கறிவேப்பிலை மரம், வெளியே புறம்போக்கில் எருக்கு நிறைய. கையில் 300 ரூபாய்க்கு மேல் கிடையாது. எந்தச் செடியில் எந்தப் புழுவைத் தேட? பெட்டியில் வைத்த புழு பாதியில் கருத்துச் செத்துப்போவது ஏன்? இந்த வயதுக்கு என்ன விளையாட்டு பொருந்தும்? தெரிந்தவர்கள் அளவு, நாள் கணக்கோடு சொல்லுங்கள்.

எருக்கலம்பூ:

டீச்சர், உங்க ஊருக்கு ரெண்டே ரெண்டு பட்டாம்பூச்சிதான் தோது. எருக்குல வெந்தய வரியன், கறிவேப்பிலையில எலுமிச்சை அழகி. ரெண்டும் கிட்டத்தட்ட வருசம் பூரா கிடைக்கும். மழை பெய்ஞ்சு புதுத் தளிர் விடுத ஐப்பசி, கார்த்திகையில தேடினா அலையவே வேண்டாம். நடுக் கோடையில ஆரம்பிக்காதீங்க. இலையும் முத்திப்போயிருக்கும், தகரக் கொட்டகைக்குள்ள பெட்டி வச்சா புழு வெந்துபோகும்.

முதல்ல எருக்கு. இளசா இருக்க இலையைத் திருப்பிப் பாருங்க. வெள்ளையா, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நுனி ஒடுங்கி, ஒத்தையா ஒட்டியிருந்தா அது வெந்தய வரியன் முட்டை. மஞ்சளா கூட்டங்கூட்டமா இருந்தா அது முட்டை இல்ல, இலைச் சாறை உறிஞ்சுத அசுவினிப் பூச்சி. ஊசி முனையால லேசா நெருடினா நகரும். இந்த இடத்துலதான் பாதிப் பேர் ஏமாறுதாங்க: அசுவினி மொய்ச்ச இலையைப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு வாரக்கணக்காக் காத்துக் கிடப்பாங்க.

புழுவை அடையாளம் காணச் சிரமமே இல்ல. கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை மாறி மாறி இருக்கும். முதுகுல கருப்பா மூணு சோடி கொம்பு. முடி கிடையாது, தொட்டா அரிக்காது. ஆனா முருங்கை மரத்துல திரளா அப்பிக்கிட்டு இருக்கே கம்பளிப்பூச்சி, அதைப் பிள்ளைக தொடவே கூடாது. அதனால "புழுன்னா தொடலாம்"னு பொதுவாச் சொல்லிக் குடுத்துராதீங்க. "டீச்சர் பெட்டியில இருக்கதை மட்டும்தான், அதுவும் பெயின்ட் பிரஷ்ஷாலதான்"னு சொல்லுங்க.

இன்னொண்ணு, எருக்கம்பால். இதை வெளையாட்டா எடுத்துக்கிடாதீங்க. கண்ணுல பட்டா உடனே எரிச்சல் பெருசாத் தெரியாமக்கூடப் போகும், பெறவு பார்வை மங்கி கருவிழி வீங்கும். இலையைப் பெரியவங்கதான் அறுக்கணும், பிள்ளைக வாரதுக்கு முன்னாலேயே. அறுத்த காம்பைத் தண்ணியில முக்கி, பால் நின்ன பெறவு துணியால ஒத்தி எடுத்துப் பெட்டியில வைங்க. வச்ச கையை சோப்புப் போட்டுக் கழுவணும். தப்பித்தவறி ஒரு பிள்ளை கண்ணுல பட்டுட்டா, கால் மணி நேரம் நல்ல தண்ணியை ஊத்திக் கழுவிக்கிட்டே இருந்து, நேரே கண் டாக்டர்கிட்ட போயிரணும். வலிக்கலைன்னு இருந்துராதீங்க. மூணு வயசுப் பிள்ளைக நிறைய இருந்தா எருக்கே வேண்டாம், கறிவேப்பிலையோட நிப்பாட்டிக்கிடலாம்.

கறிவேப்பிலையில தளிர் நுனியைப் பாருங்க. வெளிறின மஞ்சள்ல, கசகசா அளவுல உருண்டையா முட்டை இருக்கும். பொரிஞ்சு வந்த புழு பாத்தா காக்கா எச்சம் மாதிரிதான். கருப்பும் வெள்ளையுமா, பளபளன்னு. பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்கதே ஒரு வெளையாட்டு. கடைசித் தோல் உரிச்சதும் பச்சைப்பசேல்னு ஆயிரும். சீண்டினா தலைக்குப் பின்னால இருந்து செம்மஞ்சள் நிறத்துல ரெண்டு கொம்பு நீட்டும், ஒரு நாத்தம் வரும். அது கொட்டாது, கடிக்காது. பல்லி, குருவியை விரட்டதுக்குத்தான். ஆனா நூறு தடவை சீண்டினா புழு திங்கதை நிப்பாட்டிரும். ஒரு தடவை காட்டிட்டு விட்டுருங்க.

நாள் கணக்கு நம்ம சூட்டுக்கு ஏறத்தாழ இப்படி. முட்டை மூணு நாலு நாள். புழு ரெண்டு வாரம், எருக்குப் புழு அதுக்கும் ஒண்ணு ரெண்டு நாள் முந்தும். கூட்டுப்புழு எட்டு முதல் பத்து நாள். ஆக ஒரு மாசத் திட்டத்துக்கு அளவு சரியா இருக்கும். நாலஞ்சு புழுவுக்கு மேல எடுக்காதீங்க. கடைசி வாரத்துல ஒரு புழு ஒரு நாளைக்கு அஞ்சாறு ஈர்க்கு கறிவேப்பிலையைக் காலி பண்ணும். வளவுல இருக்கது ஒத்தை மரம், சாம்பாருக்கும் மிச்சம் வேணும்லா.

கடைக் கறிவேப்பிலை மட்டும் போடாதீங்க. மருந்தடிச்ச இலையைத் தின்ன புழு பச்சைத் தண்ணியாக் கக்கி, சுருண்டு நெளிஞ்சு அன்னைக்கே போயிரும், கழுவினாலும் முழுசாப் போகாது. தோட்டத்து எலுமிச்சை, நாரத்தை எதுவானாலும் மருந்து அடிச்சாச்சான்னு கேட்டுட்டுத்தான் ஒடிக்கணும். வேப்பெண்ணெய் தெளிச்சதும் ஆகாது.

பொதிகையடி:

பெட்டியைப் பற்றியும் சாவைப் பற்றியும் சொல்கிறேன்.

சாப்பாட்டை மூடி வைக்கும் குடை போன்ற வலை மூடி, பாத்திரக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். உயரம் 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஒரு தட்டில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் கவிழ்த்தால் பெட்டி தயார். கண்ணாடிப் பாட்டில், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து, எச்சமும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். புழு கருத்துத் தொளதொளவென்று தலைகீழாகத் தொங்கினால் அது கிருமி நோய். ஈரமும் நெரிசலும் அதை ஒரே நாளில் மற்றப் புழுக்களுக்கும் பரப்பும். அப்படி ஒன்றைக் கண்டால் இலையோடு எடுத்து எரித்துவிட்டு, வலையை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட்ட பிறகுதான் மறுபடி பயன்படுத்த வேண்டும். எச்சத்தாளை ஒவ்வொரு நாளும் மாற்றுவதே பாதி வைத்தியம்.

நாலு சிரட்டையில் தண்ணீர் ஊற்றி, தட்டு வைத்திருக்கும் மேசையின் கால்களை அதில் நிறுத்துங்கள். எறும்பு வந்தால் ஒரே இரவில் கூட்டுப்புழுவைக் கோதாக்கிவிட்டுப் போய்விடும். கொப்பைத் தண்ணீர் பாட்டிலில் செருகினால் பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக்க அடைக்க வேண்டும், இல்லையென்றால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கிவிடும். வெயில் நேராக விழும் ஜன்னல் ஆகாது, ஃபேனுக்கு நேர் கீழேயும் ஆகாது.

எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சில புழுக்கள் சாகும். காரணம் உள்ளேயே வந்திருக்கும். முட்டை முழுக்கக் கருத்து, நாலைந்து நாளாகியும் பொரியவில்லை என்றால் அதற்குள் குளவி முட்டையிட்டிருக்கிறது. அந்த முட்டைக்குள்ளேயே வளர்ந்துவிடும் அளவுக்கு மிகச் சிறிய குளவி அது. எருக்குப் புழுவிலிருந்தோ கூட்டுப்புழுவிலிருந்தோ வெள்ளை நூல் தொங்கினால் ஒட்டுண்ணி ஈயின் புழுக்கள் அதன் வழியே இறங்கியிருக்கின்றன. எலுமிச்சை அழகியின் கூட்டுப்புழு மங்கிப்போய், பக்கத்தில் குண்டூசித் துளை இருந்தால் அதுவும் குளவிதான். வெளியில் பெரிய புழுவாகப் பார்த்துப் பிடித்து வந்தால் இந்தத் தொல்லை அதிகம். முட்டையாக எடுத்து வலைக்குள் வைத்து வளர்த்தால் குறையும். ஆனால் முட்டையையும் பெரிய புழுவையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், வெந்தய வரியன் புழு வழியில் கிடக்கும் முட்டையையும் சேர்த்துத் தின்னும்.

செத்ததைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் அப்புறப்படுத்துவது சரியில்லை என்பது என் எண்ணம். "இதைக் குளவிக் குஞ்சு தின்னுட்டு" என்று சொன்னால் ஐந்து வயதுக்கு நன்றாகவே விளங்குகிறது.

தோல் உரிக்கும் நேரம் கவனம். புழு ஒரு நாள் முழுக்கத் தின்னாமல், நகராமல் நிற்கும். செத்துவிட்டது என்று பிரித்து எடுத்தால் பிடித்திருக்கும் பட்டு நூல் அறுந்து, தோல் பாதியில் சிக்கிச் செத்தே போகும். புழுவை இடம் மாற்ற நேர்ந்தால் அது உட்கார்ந்திருக்கும் இலைத் துண்டையே வெட்டிப் புது இலைமேல் வையுங்கள்.

களக்காடு, முண்டந்துறைக் காட்டுப் பக்கம் சுற்றுலா போகிறவர்களிடம் புழு கொண்டுவரச் சொல்லாதீர்கள். புலிகள் காப்பகத்துக்குள்ளிருந்து எதையும் எடுக்கச் சட்டம் இடம் தராது. வளவுக்குள் கிடைப்பதே தாராளம்.

ஓலைக்கொட்டான்:

விளையாட்டுப் பக்கம் யாரும் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றை விட்டுவிடுங்கள். பிள்ளையைத் துணியால் சுற்றி "இப்ப நீ கூட்டுக்குள்ள இருக்கே" என்று நிறுத்தி, பிறகு பிரித்துவிடுவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது பட்டுப்புழுவின் கதை. பட்டாம்பூச்சிப் புழு தன்மேல் எதையும் சுற்றிக்கொள்வதில்லை. கடைசித் தோல் கிழிந்து கழன்றதும், உள்ளே ஏற்கெனவே உருவாகியிருந்த கூட்டுப்புழு வெளியே தெரிகிறது, அவ்வளவே. அந்த நாலு படத்து வட்டத்தில் பெரிய ஓட்டையும் இதுதான்: தோல் உரிப்பது அதில் கிடையாது. பிள்ளைக்கு "புழு எங்கே போச்சு" என்ற குழப்பம் வருவதற்கு அதுதான் காரணம். விளையாட்டு நேரத்தில் பாதியைத் தின்பதற்கும் தோல் உரிப்பதற்கும் ஒதுக்குங்கள்.

சாக்ஸ் விளையாட்டு. பெரியவர் சாக்ஸ் ஒன்று, அதில் இரண்டு கை இலவம்பஞ்சு. வாயைத் தைத்துவிடுங்கள். அதை அமுக்கிச் சுருட்டி, பள்ளிப் பிள்ளையின் சின்ன சாக்ஸுக்குள் திணியுங்கள். பிள்ளை சின்ன சாக்ஸைப் பிடித்து உருவ, உள்ளிருப்பது பொதுபொதுவென்று பெரிதாகும். உள்ளே புதுத் தோல் சுருங்கியிருந்து, பழைய தோல் கழன்றபின் விரிவதும் இப்படித்தான். புழு இப்படி நாலு தடவை உரிக்கும். ஐந்தாவது தடவைக்கு வேறு ஒன்றைத் தயாராக வையுங்கள்: பெரிய சாக்ஸுக்குள் காலே இல்லாத பச்சைத் துணிப்பை. அதை உருவும்போது பை வெளியே வரும். சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், "காலைக் காணோம்!" என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

உங்கள் பெட்டியில் புழு தோல் உரித்த அன்றே இதைச் செய்தால்தான் பலன். தட்டில் உதிர்ந்த தலை ஓடு கடுகைவிடச் சின்னதாகக் கிடக்கும், லென்ஸில் காட்டுங்கள். தோலைத் தேடாதீர்கள், பெரும்பாலும் புழுவே தின்றிருக்கும்.

சோடா மூடிப் புழு. பதினாலு மூடிகளை நீங்களே ஆணியால் துளைத்து, விளிம்பைத் தட்டி மழுக்கி, தடித்த நூலில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் மூடி தலை. அடுத்த பதின்மூன்றும் உடல். உடலில் 1, 2, 3 ஆகியவற்றில் மூடிக்கு இரண்டாக ஆறு கூர்மையான கால், ஈர்க்குத் துண்டில். 6, 7, 8, 9, 13 ஆகியவற்றில் களிமண்ணால் குட்டையான பத்துக் கால். முன்னாலுள்ள ஆறு கால்தான் பட்டாம்பூச்சிக்கும் காலாகிறது, பின்னாலுள்ள பத்தும் கூட்டுப்புழுவோடு போய்விடும். கடையில் விற்கும் பொம்மைப் புழுவுக்கெல்லாம் தலை முதல் வால் வரை கால் வைத்திருப்பார்கள். அதையும் பக்கத்தில் வைத்து எது தப்பு என்று கேட்டால் ஐந்து வயதுக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

தின்பதற்குப் பூவரச இலை. ஆபீசில் காகிதம் துளைக்கும் பஞ்சிங் மிஷினைப் பிள்ளை கையில் கொடுத்து, இலையின் விளிம்பிலிருந்து உள்ளே கடித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். நடுவில் ஓட்டை போடுவது வெகு சின்னப் புழுதான், பெரியது விளிம்பிலிருந்தே தின்னும். விரல் வலுவுக்கும் நல்லது. பிறகு ஆளுக்கு ஓர் அப்பளம், அதே மாதிரி விளிம்பிலிருந்து கடிக்க. அதே வேளையில் ஒரு டம்ளர் நன்னாரி சர்பத்தும் உறிஞ்சுகுழலும். புழு கடிக்கும், பட்டாம்பூச்சி உறிஞ்சும். இரண்டையும் ஒரே நாளில் வாயால் செய்துபார்த்த பிள்ளைக்கு இது மறக்காது.

உறிஞ்சுகுழலை விடச் சுருள் குழல் சரியாகக் காட்டும். பனங்குருத்தோலையில் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். விளிம்பைக் கத்தரித்துவிடுங்கள், ஓலை கையை அறுக்கும். பென்சிலில் இறுக்கச் சுற்றி நூல் கட்டி இரண்டு நாள் காயவிட்டால் சுருள் நின்றுவிடும். இழுத்தால் நீளும், விட்டால் சுருளும்.

களிமண்ணில் அளவு வரிசை. குளத்துக் களிமண் போதும், உடைமர முள் கிடக்கும் என்பதால் பிசையும்போதே பொறுக்கிவிடுங்கள். மைதா மாவு உருண்டை ஐப்பசி ஈரத்தில் இளகிவிடும். முட்டைக்கு ஒரு கசகசா, பொரிந்த புழுவுக்கு மூன்று மில்லிமீட்டர் திரி, கடைசிப் புழுவுக்கு நாலு சென்டிமீட்டர் உருளை. உண்மை அளவிலேயே செய்யுங்கள். படத்தில் முட்டையும் பட்டாம்பூச்சியும் ஒரே பருமனில் இருப்பது பிள்ளைகளை வெகுவாகக் குழப்புகிறது. கசகசா, கடுகு, ஜவ்வரிசி எதையும் சிதறவிடாமல் இலையில் பசையால் ஒட்டியே கொடுக்க வேண்டும், மூக்கில் காதில் போட்டுக்கொள்வார்கள்.

கூட்டுப்புழு இரண்டு விதமாக நிற்கும் என்பதையும் செய்யவையுங்கள். வெந்தய வரியன் வாலால் மட்டும் தலைகீழாகத் தொங்கும். எலுமிச்சை அழகி வாலை ஊன்றி, இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கச்சையாகக் கட்டித் தலைநிமிர்ந்து சாய்ந்து நிற்கும். பச்சைத் துணியில் இரண்டு சின்னப் பை தைத்து, ஒன்றைத் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டு, இன்னொன்றைக் குச்சியில் நூலால் கட்டினால் போதும்.

நாங்குநேரி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஓலைக்கொட்டான் அண்ணாச்சி, சாக்ஸ் நாளைக்கே தைத்துவிடுகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். பட்டாம்பூச்சி வெளியே வரும் நேரத்தைப் பிள்ளைகள் பார்க்க வழி உண்டா? கூட்டுப்புழு கீழே விழுந்துவிட்டால் என்ன செய்ய? சனி, ஞாயிறு பூட்டிக் கிடக்குமே, இலை யார் போடுவது?

எருக்கலம்பூ:

வெந்தய வரியன்னா முந்தின நாள் ராத்திரியே தெரிஞ்சிரும். கூட்டுப்புழுத் தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ள செம்மஞ்சள் றெக்கையும் வெள்ளைப் புள்ளியும் தெரியும். அதைப் பாத்துட்டுச் செத்துட்டுன்னு தூக்கிப் போடுத ஆளும் உண்டு. புள்ளி தெரிஞ்சா உயிர் இருக்கு, மங்கின கருப்பா ஒரே நிறத்துல இருந்தா இல்ல. பெரும்பாலும் காலையிலதான் வெளிய வரும். பிள்ளைக வருததுக்கு முன்னாலேயே வந்துரலாம், அதனால அன்னைக்கு நாலு பெரிய பிள்ளைகளை வெள்ளன வரச் சொல்லுங்க.

வந்ததும் றெக்கை கசங்கின துணியா இருக்கும். வயித்துல இருக்க நீரை றெக்கை நரம்புக்குள்ள ஏத்தி, கால் மணி நேரத்துல விரிச்சிரும். காஞ்சு கெட்டியாக ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள பிள்ளை கை பட்டா றெக்கை மடங்கினது மடங்கினதுதான். கீழ சிவப்பாவோ பழுப்பாவோ ஒரு சொட்டு விழும், ரத்தம்னு பிள்ளைக அழும். கூட்டுக்குள்ள சேர்ந்த கழிவு அதுன்னு முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க. அந்த நேரத்துக்கு ஒரு வெளையாட்டு: துண்டைச் சுருட்டிக் கையில புடிச்சிக்கிட்டுக் குத்தவச்சு உக்காந்து, நீங்க அம்பது எண்ணி முடிக்கதுக்குள்ள பைய எந்திரிச்சுப் பைய விரிக்கணும். படபடன்னு அடிக்கக் கூடாது. அடிச்சவங்க மறுபடி உக்காரணும்.

வெயில் ஏறினதும் வெளிய விட்டுருங்க. மழைன்னா மறுநாள் விடலாம். பக்கத்துல இட்லிப்பூ, தும்பை, தேள்கொடுக்கு இருந்தா நல்லது. தேள்கொடுக்கு காஞ்சுகிடக்க இடத்துல ஆண் வெந்தய வரியன் மொய்க்கதைப் பாக்கலாம்.

பொதிகையடி:

விழுந்த கூட்டுப்புழு உடையாமலிருந்தால் பிழைக்கும். வெந்தய வரியன் என்றால் வால் நுனியில் ஒட்டியிருக்கும் பட்டு இழையைச் சேர்த்து நூலால் கட்டி, வலையின் கூரையில் தொங்கவிடுங்கள். கீழே 15 சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும், றெக்கை தரையில் முட்டினால் முடமாகும். எலுமிச்சை அழகிக்குத் தாளில் சின்னக் கூம்பு சுருட்டி, வால் கீழாக அதில் நிறுத்தி, வலைச் சுவரில் குத்திவிடலாம். பூச்சி ஏறிப்போய்த் தொங்க வலை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சனி, ஞாயிறுக்குப் பெட்டி வேண்டாம். ஒரு மீட்டர் கொசுவலைத் துணியில் தலையணை உறை போலப் பை தைத்து, கறிவேப்பிலைக் கொப்பு ஒன்றில் இலையோடு மாட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் புழுக்களை உள்ளே விட்டு வாயை நாடாவால் இறுக்கிவிடுங்கள். மாட்டுவதற்கு முன் கொப்பை உதறி, சிலந்தியும் எறும்பும் இல்லையென்று பார்க்க வேண்டும். நாடாவுக்குக் கீழே கொப்பைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் துணி கட்டி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. பெரிய புழு இரண்டுக்கு ஒரு முழக் கொப்பு இரண்டு நாள் தாங்கும். கடைசிப் பருவத்துப் புழு அதிகம் இருந்தால் இரண்டு பையாகப் பிரித்துக் கட்டுங்கள். திங்கட்கிழமை பையைக் கழற்றும்போது மடிப்புகளைத் தடவிப் பாருங்கள், வலை மடிப்பிலேயே கூட்டுப்புழுவாகியிருக்கும். அதைப் பிய்க்காமல் வலையோடு பெட்டிக்குள் தொங்கவிட்டால் போதும்.